சூடும் ஊசியும்

சர்க்கரை நோயால் விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் தாறுமாறாகக் கிளைக்கத் தொடங்கிவிட்டால், மருத்துவர் கையில் எடுப்பவை இரண்டு: லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி. லேசர் விழித்திரையின் ஓரங்களைச் சுட்டு அழிக்கிறது. ஊசி எதையும் அழிக்காமல் ஒரு புரதத்தைக் கட்டிப்போடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரு மருத்துவங்கள்.

லேசர் பிறந்தது கவனிப்பிலிருந்து. பாஸ்டனின் ஜாஸ்லின் மையத்தில் வில்லியம் பீதமும் லாய்ட் எம். ஐயெல்லோவும் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். பழைய அழற்சியால் தழும்பேறிய விழித்திரையைச் சர்க்கரை நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை; அதே ஆளின் நல்ல கண்தான் கெட்டது. அப்படியானால் தழும்பை நாமே உண்டாக்கினால் என்ன? 1960களின் பிற்பகுதியில் ரூபி லேசரால் செய்தே பார்த்தார்கள். அமெரிக்காவின் பல மையங்களில் நடந்த பெரிய ஆய்வு, கடும் பார்வையிழப்பு இதனால் பாதிக்கும் மேல் குறைகிறது என்று 1976இல் காட்டியது. எதனால் குறைகிறது என்பதை அப்போது எவரும் நிறுவியிருக்கவில்லை.

ஊசி வந்த பாதை நேர்மாறானது: விளக்கம் முன்னால், மருந்து பின்னால். ஆக்சிஜன் போதாத விழித்திரை ஏதோவொரு பொருளைச் சுரந்து குழாய்களை வளர்க்கிறது என்று மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் 1948இலேயே ஊகித்தார். வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கண்ணுக்குள்ளிருக்கும் திரவத்தில் அளந்து, அந்த ஊகத்துக்கு 1994இல் வலுச்சேர்த்த கட்டுரையின் முதல் ஆசிரியர் லாய்ட் பால் ஐயெல்லோ. லேசரைச் செய்துபார்த்த லாய்ட் எம். ஐயெல்லோவின் மகன்! அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது: லேசர் பலித்த கண்களில் அந்தப் புரதம் குறைந்திருந்தது. ஆக்சிஜனை மிகுதியாகச் செலவழிப்பவை ஒளியுணர் செல்கள். அவற்றில் ஒரு பங்கைச் சுட்டுவிட்டால் மிச்ச விழித்திரையின் பசி தணிகிறது. ஆக, தந்தை கால் நூற்றாண்டாகத் தணித்துவந்தது மகன் அளந்த அதே புரதத்தைத்தான். ஊசி அதைச் சுரந்த பின் பிடிக்கிறது. லேசர் சுரக்கும் தேவையையே குறைக்கிறது.

உறவு இவ்வளவு நெருக்கமானாலும், நோயாளி கொடுக்கும் விலை வேறு. லேசருக்குப் பக்கப் பார்வையிலும் இரவுப் பார்வையிலும் கொஞ்சம் இழக்க வேண்டும். ஊசிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். இரண்டு ஆண்டுக் கணக்கில் பார்வைக் கூர்மையைக் காப்பதில் ஊசி லேசருக்குச் சளைத்ததல்ல என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அது ஒழுங்காக வந்துபோனவர்களின் கதை. சிகிச்சையின் நடுவே ஆறு மாதத்துக்கு மேல் காணாமற்போய்த் திரும்பியவர்களைப் பிலடெல்பியா மருத்துவர்கள் ஆராய்ந்து 2019இல் எழுதினார்கள்: ஊசி மட்டும் போட்ட கண்களே கூடுதலாகக் கெட்டிருந்தன, விழித்திரை இழுபட்டுப் பிரிந்ததும் அவற்றில்தான் அதிகம். மருந்து சில வாரங்களில் வடிந்துவிடும். தழும்பு ஆயுளுக்கும் இருக்கும். லேசரைப் பழைய சரக்கென்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

விழித்திரையின் மையம் வீங்கும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள பெரியவர்களின் பார்வையைப் பெரும்பாலும் மங்கச் செய்வது இந்த வீக்கம்தான். இங்கே லேசரால் முடிந்தது இருப்பதைக் காப்பது. ஊசியோ இழந்ததிலும் ஓரளவை மீட்டுத் தருகிறது. வீங்கிய மையத்துக்கு ஊசி, குழாய் கிளைத்த ஓரத்துக்கு லேசர் என்று ஒரே கண் இரண்டையும் பெறுவது இன்று சாதாரணம்.