பட்டிமன்றத் தலைப்பு வந்த வழி

கரிகாலனுக்கு மகத மன்னன் கொடுத்த பட்டிமண்டபம் ஒன்று புகாரில் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மணிமேகலையில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், தத்தம் சமயப் பொருளை நிலைநாட்ட வல்லவர்களை அந்த மண்டபத்தில் ஏறும்படி அழைக்கிறான். நாவல் கிளையை நட்டு வாதுக்கு அழைக்கும் வழக்கம் குண்டலகேசி கதையில் வருகிறது. வாதுக்கு வந்தவர், தாம் எதை நிறுவப் போகிறார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

அப்படிச் சொல்லும் கூற்றுக்குப் ‘பக்கம்’ என்று பெயர். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் இதை விளக்குகிறார். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், புகை தெரிகிறதே என்பது ஏது (காரணம்), அடுக்களை எடுத்துக்காட்டு. காதையின் சிறப்பு இதற்குப் பிறகு வருகிறது. தேறாத கூற்றுகளைப் பக்கப்போலி என்று ஒன்பதாக வகுக்கிறார் அடிகள். ஒலி காதுக்குக் கேட்காது என்பது கண்கூடான அனுபவத்துக்கே முரண். என் தாய் மலடி என்பது தன் சொல்லையே தான் மறுப்பது. எதிராளி முன்பே ஒப்புக்கொண்டதை அவனிடமே நிறுவப் புறப்படுவதும் போலிதான். இலக்கியம் பற்றி எழுதுபவர்கள் மிகுதியாகச் சறுக்குவது இந்தக் கடைசிப் போலியில்தான்.

சமய வாதம் போய் இலக்கிய வாதம் மேடையேறியது 20ஆம் நூற்றாண்டில். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக அமர்ந்து பட்டிமன்றக் கலைக்கு மதிப்புக் கூட்டினார்கள். ஆனால் எல்லாத் தலைப்பும் பட்டிமன்றத்துக்கு ஆகாது. ‘கம்பனில் அறம்’ என்றால் அது சொற்பொழிவுக்கு ஆகும். அறம் வெல்லும் என்பதை மறுக்க அங்கே யாரும் எழப்போவதில்லை. வாலியை இராமன் மறைந்து நின்று கொன்றது அறமா என்று கேட்டால் அவை இரண்டாகப் பிரிகிறது. இரு தரப்புக்கும் சான்று கம்பனிடமே கிடைக்கிறது. அம்பு பட்டு விழுந்த வாலி அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறான். தம்பியின் மனைவியைக் கவர்ந்த குற்றத்தை இராமன் எடுத்துச் சொல்கிறான். மறைந்து நின்றது ஏன் என்பதற்கு மட்டும் பதில் இலக்குவன் வாயிலிருந்து வருகிறது: நேரில் வந்தால் வாலியும் அடைக்கலம் கேட்டுவிடக்கூடும், அப்போது சுக்கிரீவனுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? இராமன் ஏன் அதைத் தானே சொல்லவில்லை என்று ஓர் அணி கேட்கலாம். வாலியே இறுதியில் மனம் தெளிந்து இராமனைப் போற்றுகிறானே என்று மற்ற அணி திருப்பலாம். கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்ற தலைப்பும் இதே வகையில் நின்றது. பெயர்பெற்ற தலைப்புகள் நூலுக்குள்ளேயே தீராமல் கிடக்கும் வழக்கிலிருந்து பிறந்தவை.

தொலைக்காட்சி வந்தபின் பட்டிமன்றம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கூடத்துக்கே வந்தது. மாமியார், மருமகள், வரவு, செலவு என்று தலைப்புகள் குடும்பத்தின் பக்கம் திரும்பின. கேட்பவர்கள் பெருகினார்கள், சான்று நூலை விட்டு அன்றாட அனுபவத்துக்கு மாறியது. இலக்கியத்துக்கு இது இழப்புதான்.

‘சிலம்பில் ஊழ்’, ‘கம்பனில் சகோதரப் பாசம்’ என்று பொருளை மட்டும் தலைப்பாக்கி எழுதும் பழக்கம் இன்றும் மாணவர்களிடம் இருக்கிறது. யாரும் மறுக்காததை நிறுவப் புறப்படும் அதே சறுக்கல்தான் இது. அறவண அடிகளின் ஒன்பது போலிகளையும் தமிழாசிரியர்கள் கட்டுரைப் பயிற்சியின் முதல் பாடமாகவே நடத்த வேண்டும்.