இளைப்பாறுதல் எவருக்கு?

நெடுவழி செல்வோர்க்கு நடுவே இளைப்பாற ஓரிடம் வேண்டும். இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி நாட்டினர். இரவைக் கழிக்கச் சத்திரமும் சாவடியும் அமைத்தனர். ஆயினும், அச்சத்திரங்கள் பலவற்றில் சாதிக்கோரிடம் வகுக்கப்பட்டிருந்ததை நாம் மறைத்தல் தகாது. புகைவண்டி வந்த பின்னரும் அவ்வழக்கம் ஒழிந்ததோ? தென்னிந்திய இரயில் நிலையங்களின் உணவுச்சாலைகளில் பார்ப்பனர்க்கோர் இடம், ஏனையோர்க்கோர் இடம் என்ற பிரிவு 1941 வரை நீடித்தது. ஆகவே, ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அரண்மனைகளைக் கண்டால் மட்டும் போதாது. வழிப்போக்கன் எங்கே படுத்தான் என்றும் கேட்டல் வேண்டும்.

இக்கேள்வியுடன் மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போ நகருக்குச் செல்வோம். அங்குள்ள புகைவண்டி நிலையம் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞரால் வரையப்பெற்று 1917-இல் நிறைவெய்தியது. அதன் வெண்ணிறக் குவிமாடங்களைக் கண்டு மயங்கிய மக்கள், அதனை ஈப்போவின் தாஜ்மகால் என்று வழங்கினர். அந்நிலையத்தின் மாடியிலேயே பயணியர் விடுதியும் அமைந்திருந்தது. நெடும் பயணத்தில் களைத்த செல்வர், வண்டியை விட்டிறங்கி மாடியேறிய அளவில், நீண்ட தாழ்வாரத்துக் காற்றும் விரித்த படுக்கையும் அவர்க்குக் கிடைத்தன.

அவ்வசதியைத் தாங்கி நின்ற செல்வம் யாது? ஒன்று, கிந்தாப் பள்ளத்தாக்கின் வெள்ளீயம், மற்றொன்று, ரப்பர். 1877-இல் பேராக்கின் ஆங்கில ரெசிடெண்டாயிருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் சில ரப்பர்க் கன்றுகளை நட்டார். அம்மரம் பின்னர்த் தோட்டந்தோட்டமாய்ப் பெருகியபொழுது, பால் வெட்டும் கத்தியை ஏந்தியவர் பெரும்பாலும் தமிழரே.

அவர்களும் நெடும் பயணிகளே. கங்காணி அழைத்துவர, நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ உள்ள முகாமில் காத்திருந்தனர். பின்னர், ஏறக்குறைய ஒரு வாரக் கடற்பயணம். கப்பலின் தளமே அவர்க்குப் பாய். கரை சேர்ந்தும் வழி திறந்திலது. பினாங்கையடுத்த ஜெர்ஜாக் தீவின் நோய்த்தடை முகாமில் பலர் சில நாள் அடைபட்டிருந்து, அதன் பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்தம் இடைத்தங்கல் இதுவே! ஒரே காலத்தில், ஒரே நாட்டில், ஒருவர்க்கு மாடி விடுதி. மற்றவர்க்குக் காவலிட்ட தீவு.

தோட்டத்து லயமும் அவர்க்கு வீடாகவில்லை. பொருளீட்டிச் சில ஆண்டுகளில் ஊர் திரும்புவோம் என்றே பலர் எண்ணினர். ஆண்டுகள் கழிந்தன, பிள்ளைகள் பிறந்தனர், ஊர் தொலைவாயிற்று. ஆயின், வேலை போனால் அறையும் போம். 1957-இல் மலாயா விடுதலை பெற்ற காலத்தையொட்டி வெள்ளையர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டபொழுது, இத்துன்பம் வெளிப்படையாயிற்று. அப்பொழுது பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குத்தொகையால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. தங்க வந்தவர் தாமே நிலத்திற்கு உடையவராதல் கூடும் என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது.

வரலாற்றின் விந்தையைக் காண்மின்! ஜெர்ஜாக் தீவு பின்னர்ச் சிறைக்கூடமாயிற்று. 2004-இல் அங்கே உல்லாச விடுதியொன்றும் திறக்கப்பட்டது. முன்பு மக்களை அடைத்துவைத்த கரையில், பணங்கொடுத்து இளைப்பாறியோரும் உண்டு.

இளைப்பாறுதல் குற்றமன்று, அஃது அனைவர்க்கும் உரிய உரிமை. ஆனால், ஹப்பக்கின் பெயரை நூல்கள் காத்து நிற்க, கப்பல் தளத்தில் படுத்தவர் பெயரோ முதியோர் சிலர் நினைவில் மட்டுமே தங்கியுள்ளது. அம்முதியோரும் மறைவதற்குமுன், அவரருகே அமர்ந்து, அவர் முன்னோர் எங்கெங்கே தங்கி வந்தனர் என்று கேட்டெழுதுவோமாக. அந்தச் சுமையை இறக்கிவைக்க நாம் நாட்டக்கூடிய சுமைதாங்கி அதுவே.