பெண் பன்றியின் இனப்பெருக்க ஹார்மோன்கள்

பெண் பன்றி பருவமடைவது, சினை பிடிப்பது, குட்டி ஈனுவது எல்லாம் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அண்டகம், கருப்பை ஆகிய நான்கிற்கும் இடையே ஓடும் ஹார்மோன்களால் நடப்பவை. பண்ணை இனங்கள் பெரும்பாலும் ஆறேழு மாத வயதில் பருவமடைகின்றன. முதிர்ந்த பொலிபன்றியை நாள்தோறும் அருகில் விட்டால் இது சற்று முந்தும்.

சினைப்பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டுச் சுரக்கும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோன், பிட்யூட்டரியிலிருந்து எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டையும் வெளிவரச் செய்கிறது. ஜி.என்.ஆர்.எச்.சின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலியின் குழு 1971இல் கண்டறிந்தது பன்றிகளின் ஹைப்போதலாமஸைக் கொண்டுதான். 1977இல் ஷாலிக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இவற்றின் தூண்டுதலால் அண்டகத்தில் வளரும் நுண்ணறைகள் ஈஸ்ட்ரடையாலைச் சுரக்கின்றன. அது உச்சம் தொட்டதும் எல்.எச். திடீரென எழுகிறது, ஏறக்குறைய 40 மணி நேரத்தில் பதினைந்து, இருபது அண்டங்கள் வெளியேறுகின்றன. இரண்டு மூன்று நாள் நீடிக்கும் சினைப்பருவத்தில், பொலிபன்றியின் எச்சிலிலுள்ள ஆண்ட்ரோஸ்டினோன் மணம் பட்டால் பெண் பன்றி முதுகை அழுத்தினாலும் நகராமல் நிற்கும். செயற்கைக் கருவூட்டல் செய்வோர் நேரம் கணிக்க நம்பும் அடையாளம் இதுவே.

அண்டம் வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. பன்றியின் தனித்தன்மை இங்கேதான். சினை இல்லையென்றால் கருப்பையிலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் கார்ப்பஸ் லூட்டியத்தை அழித்துவிடும். ஆனால் சுழற்சியின் 12ஆம் நாள் வாக்கில்தான் அழிவுக்கு அது இணங்குகிறது. பசுவுக்கு ஐந்தாறு நாளிலேயே பலிக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி, பன்றியைப் பருவத்திற்குக் கொண்டுவர உதவாததற்கு இதுவே காரணம்.

அதே 11, 12ஆம் நாட்களில் கருக்கள் தாமே ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து தம் இருப்பை அறிவிக்கின்றன. அதனால் புரோஸ்டாகிளாண்டின் இரத்தத்தில் சேராமல் கருப்பையின் உட்குழிவுக்குள்ளேயே திருப்பிவிடப்படுகிறது என்பது ஆய்வாளர்கள் பேசரும் தாட்சரும் 1977இல் முன்வைத்த விளக்கம். இந்த அறிவிப்பு எடுபட நான்கு கருக்களாவது வேண்டும் என்பர். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்திலுள்ள ஸியரலினோன் நச்சு ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படுவதால், சினையே இல்லாத பன்றியும் பருவத்திற்கு வராமல் பொய்ச்சினையாக நின்றுவிடுவதுண்டு.

சினைக்காலம் சுமார் 114 நாள். நஞ்சுக்கொடி போதிய புரோஜெஸ்டிரோனைத் தராததால் கடைசிவரை கார்ப்பஸ் லூட்டியமே சினையைத் தாங்குகிறது. முடிவில் குட்டிகளின் கார்ட்டிசோல் உயர, புரோஸ்டாகிளாண்டின் பெருகி, புரோஜெஸ்டிரோன் சரிகிறது. அதுவரை சேர்த்துவைக்கப்பட்ட ரிலாக்சின் கருப்பை வாயை இளக்க, ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்குகிறது.

குட்டிகள் பால் குடிக்கும்வரை எல்.எச். அடங்கியே இருக்கும், பால் மறக்கடித்த நான்கு முதல் ஏழு நாளில் தாய் மீண்டும் பருவத்திற்கு வரும். இளம் பன்றிகளை ஒரே சமயத்தில் பருவத்திற்குக் கொண்டுவர, புரோஜெஸ்டிரோன் போன்ற ஆல்ட்ரினோஜெஸ்ட்டைத் தீவனத்தில் இரண்டரை வாரம் வரை கொடுத்து நிறுத்துகிறார்கள். ஈனும் நாளை ஒழுங்குபடுத்தப் புரோஸ்டாகிளாண்டின் ஊசி பலிக்கும். கருவூட்டிய தேதி சரியாகக் குறிக்கப்படாமல் முன்கூட்டியே போட்டால் குட்டிகள் நலிந்து பிறக்கும்.