ராமன் திருப்பிப் பார்த்த கண்ணாடி



கடற்கரை பக்கம் போகும்போது காமராஜர் சாலையில் மாநிலக் கல்லூரியைப் பார்த்திருப்பீர்கள். சர் சி.வி. ராமன் அங்கேதான் படித்தார், பி.ஏ. 1904, எம்.ஏ. 1907. படித்து முடித்ததும் அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமோ? கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல்! பத்து வருடம் சர்க்கார் கணக்குப் பார்த்துக்கொண்டே ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் ஆராய்ச்சி செய்தார். லெட்ஜரோடு காலம் தள்ளிய என் போன்றவர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை.

1921-இல், பேராசிரியராகிவிட்ட பிறகு, இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' கப்பலில் திரும்பினார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்பது லார்ட் ரேலி சொன்ன முடிவு. ராமன் கையில் நிக்கல் பட்டகம் என்ற சிறு கருவி இருந்தது. அதன் வழியாகச் சரியான கோணத்தில் நீரைப் பார்த்து, மெல்லத் திருப்பினால் மேற்பரப்பின் பளபளப்பு அடங்கிவிடும். அப்படியே செய்தார். வானத்தின் பிரதிபலிப்பு போயிற்று. நீலம் போகவில்லை, முன்னைவிட நன்றாகவே தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதி, பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார்.

1928-இல் நோபல் பரிசுக்கு வழிவகுத்த சோதனையிலும் ஃபில்டர்தான். சூரிய ஒளி உள்ளே போகும் வழியில் ஊதா-நீலக் கண்ணாடி. பார்க்கும் கண்ணுக்கு முன்னால் அந்த நிறத்தை அடியோடு தடுக்கும் இன்னொரு கண்ணாடி. இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஓர் ஒளி தெரிந்தது. திரவத்தில் பட்ட ஒளி நிறம் மாறி வந்திருக்கிறது! உடன் உழைத்தவர் நம் வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன்.

நம் குடியிருப்பில் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் 'எந்த ஃபில்டர் வாங்கலாம்?' என்று கேட்கிறார்கள். ராமன் கப்பலில் திருப்பிய கண்ணாடியின் வாரிசைத்தான் சொல்வேன்: கடையில் 'சி.பி.எல்.' என்று கேளுங்கள், போலரைசர் தருவார்கள். யு.வி. ஃபில்டர் ஃபிலிம் காலத்துத் தேவை. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவைத் தடுக்க ஏற்பாடு உண்டு. லென்ஸில் கீறல் விழாமல் காக்கும், அவ்வளவுதான். லென்ஸின் முன்வளையத்தில் 52, 58, 67 என்று மி.மீ. அளவு இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டியதும் வளையத்தை மெதுவாகச் சுற்றுங்கள். மழை நின்றபின் அடையாற்றில் மரங்களைப் பாருங்கள். இலையின் வெள்ளைப் பளபளப்பு போய்ப் பச்சை துலங்கும். வானம் கருநீலமாக வேண்டுமானால் சூரியனுக்குச் செங்குத்தான திசையில் பார்க்க வேண்டும். மெரினாவில் காலைச் சூரியன் கடல்மேல் இருப்பதால், கேமராவைச் சாந்தோம் பக்கமோ துறைமுகம் பக்கமோ திருப்புங்கள். மயிலாப்பூர் தெப்பக்குளத்தில் மட்டும் ஜாக்கிரதை: முழுக்கச் சுற்றினால் தண்ணீரில் தெரியும் கோபுரமே காணாமல் போகலாம்!

இது ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் ஒளியைத் தின்னும். அந்தி சாய்ந்தால் கழற்றிவிடுங்கள். வாங்குமுன் சோதித்துப் பார்க்க ஆசையா? போலரைஸ்டு கூலிங் கிளாஸை ஃபோன் கேமராவுக்கு முன்னால் பிடித்துச் சுற்றினாலே போதும். கடைக் கண்ணாடிக்குள் இருப்பதை எடுக்க, நேரே நிற்காமல் சற்றுச் சாய்வாக நில்லுங்கள். பாத்திரக்கடைப் பித்தளைக் குடத்தின் மினுமினுப்பு மட்டும் எவ்வளவு சுற்றினாலும் போகாது. உலோகத்திடம் இந்த வித்தை பலிக்காது.