தளை தட்டும் மூலக்கூறுகள்

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூரை அடுத்து இருக்கிறது ஏலாக்குறிச்சி. தமிழிலக்கிய வாசகருக்கு அது திருக்காவலூர்; வீரமாமுனிவரின் ஊர். அரியலூர் மழவராயரை வாட்டிய ராஜபிளவையை முனிவர் பச்சிலையும் மண்ணும் கொண்டு ஆற்றினார் என்பது அங்குள்ள அடைக்கல மாதா கோயிலின் மரபு. அவர் பெயரில் மருத்துவ நூல்களும் வழங்குகின்றன. அவை யாவும் அவர் எழுதியவைதாமா என்ற வழக்கை அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். பிளவைக்கு மருந்து கண்டவராகச் சொல்லப்படும் அதே மனிதர்தான் 1730இல் தொன்னூல் விளக்கம் என்ற ஐந்திலக்கண நூலையும் எழுதினார் என்பதே என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. மருந்து தேடும் கணினி வேதியியலாளரின் இன்றைய வேலையை இலக்கிய வாசகருக்குச் சொல்ல யாப்பைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெண்பாவில் சீரும் சீரும் கூடுமிடத்துக்குச் சட்டம் உண்டு. மாச்சீரின் பின் நிரையசை வரவேண்டும்; விளத்தின் பின்னும் காயின் பின்னும் நேரசை. மீறினால் தளை தட்டும். புரதமும் அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று தொடுத்து நிற்கும் ஒரு சங்கிலிதான். ஒவ்வோர் அமினோ அமிலத்தின் நடுக் கரியணுவுக்கும் இருபுறமும் இரண்டு பிணைப்புகள் சுழலக்கூடியவை. எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் அவை சுழன்று நிற்குமா? நிற்காது என்பதையும், எங்கெங்கே நிற்காது என்பதையும் வரைபடமாகக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகம். ஆண்டு 1963. ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை அது.

அந்தக் கட்டுரை ஒரு குறைகூறலிலிருந்து பிறந்தது. 1952இல் சென்னைக்கு வந்த பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தெளியவில்லை என்று ராமச்சந்திரனிடம் சொல்லிச் சென்றார். பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மாதிரிகள் வந்தன. கங்காரு வாலின் தசைநாணும் அவற்றுள் ஒன்று. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து மூன்று இழை முறுக்கு என்ற அமைப்பை ராமச்சந்திரன் 1954இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே கிரிக்கும் ரிச்சும், இவர் அமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். ஹைட்ரஜன் பிணைப்புகள் இரண்டா ஒன்றா என்ற சச்சரவும் எழுந்தது. அதில் பின்னாளில் சான்று அவர்கள் பக்கமே சாய்ந்தது. அதை மறைத்துப் பெருமை பேசுவதில் பயனில்லை. ஆனால் ராமச்சந்திரன் அந்தக் குறையையே கேள்வியாக்கிக்கொண்டார். இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? தெரிந்த படிகங்களிலெல்லாம் அந்தத் தூரங்களைத் திரட்டி, மேசைக் கணக்குப்பொறியில் கோணம் கோணமாகக் கணக்கிட்டார்கள். வரைபடத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலமாயிற்று. கிளைசினுக்கு மட்டும் தாராளமான சலுகை. அதற்குப் பக்கச்சங்கிலி என்று சொல்ல ஒரு ஹைட்ரஜன் அணுதான் உண்டு.

ராமச்சந்திரன் மருந்து தேடியவர் அல்லர். ஆனாலும் மருந்து தேடுகிறவர்களின் மேசைக்கு அவர் படம் வந்து சேர்ந்தது. கணினி வேதியியலாளர் நோயோடு தொடர்புடைய புரதத்தின் முப்பரிமாண அமைப்பை எடுத்துக்கொண்டு, அதன் குழியில் ஆயிரக்கணக்கான, சில வேளை கோடிக்கணக்கான மூலக்கூறுகளைத் திரையில் பொருத்திப் பார்க்கிறார். பெரும்பாலானவற்றைத் தள்ளுவதுதான் அவர் வேலை. எஞ்சிய சிலவற்றையே ஆய்வகத்தார் செய்து பார்ப்பார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை அங்கே தோற்கும். எய்ட்ஸ் கிருமியின் புரதச்சிதைப்பி நொதியின் அமைப்பு 1989இல் வெளியானது. அந்த நொதியைத் தடுக்கும் முதல் மருந்தான சாக்வினாவிர் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த வழியின் வலிமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

தளை தட்டாத வெண்பாவெல்லாம் கவிதை ஆகிவிடாது என்பது நமக்குத் தெரியும். 2020இல் இதைப் பலரும் மறந்தார்கள். நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு கரோனா கிருமியின் முதன்மைப் புரதச்சிதைப்பியில் பொருந்துகிறது என்று கணினிக் கட்டுரைகள் வந்தன. பொருந்தும் மதிப்பெண் என்பது ஓர் ஊகம். அது குடலில் கரைந்து, கல்லீரலைத் தாண்டி, நோயாளியின் உடலில் என்ன செய்கிறது என்பதைத் திரை சொல்லாது. வாசலில் வரிசையில் நின்று குடிநீர் வாங்கிக் குடித்தவர்களுக்கோ, மதிப்பெண்ணுக்கும் மருந்துக்கும் நடுவே இருக்கும் அந்த நீண்ட வழியை யாரும் சொல்லவில்லை. மூலிகையை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை; எனக்குக் கோபம் கணக்கைச் சான்றாக விற்றவர்கள்மீதுதான். கோயில் மரபு சொல்லும் கதையிலாவது மழவராயரின் பிளவை ஆறியதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

2001இல் ராமச்சந்திரன் சென்னையில் காலமானார். புரத வங்கியில் சேரும் அமைப்புகளோடு இன்று ஒரு சோதனை அறிக்கை வருகிறது. விலக்கப்பட்ட கோணங்களில் எத்தனை அமினோ அமிலங்கள் நிற்கின்றன என்று அதில் ஒரு வரி. கவனமுள்ள வேதியியலாளர், மூலக்கூறுகளைப் பொருத்தத் தொடங்குமுன் ராமச்சந்திரன் பெயர் தாங்கிய அந்த வரியைப் படித்துவிடுகிறார்.