பூஞ்சணம் பிடிக்காத பாண்

லண்டனுக்கு வந்த புதிதில் எமக்கொரு வியப்பு. பையில் கிடந்த வெட்டிய பாண் ஒரு கிழமையாகியும் பூஞ்சணம் பிடிக்கவில்லை. ஊர்ப் பேக்கரிப் பாண் இத்தனை நாள் தாங்காது. பையின் பின்புறம் 'ஈ 282' என்றிருந்ததை நாங்கள் வாசிக்கவில்லை, வாசித்திருந்தாலும் விளங்கியிராது. அது கல்சியம் புரொப்பியோனேற் என்ற உப்பு.

இத்தகைய பொருட்களை மனிதர் உண்ணலாமா என்ற கேள்வி பழையது. 1902இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் இரசாயனப் பகுதித் தலைவர் ஹார்வி வைலி, வோஷிங்டனில் தமது அலுவலக நிலவறையில் ஒரு சாப்பாட்டறை திறந்தார். 12 இளைஞர்கள். மூன்று வேளையும் இலவசச் சாப்பாடு. வெளியே எதுவும் உண்ணக்கூடாது. பத்திரிகைகள் அவர்களை 'நஞ்சுப் படை' என்றன. முதலில் வெண்காரத்தை வெண்ணெயில் ஒளித்துக் கொடுத்தார்கள். இளைஞர்கள் வெண்ணெயைத் தொடாமல் விட்டார்கள். பாலிலும் இறைச்சியிலும் கலந்து பார்த்தும் சரிவராமல், கடைசியில் கப்சூலில் அடைத்து வெளிப்படையாகவே விழுங்கச் செய்தார்கள். தலையிடி, வயிற்றுநோ, பசியின்மை. பின்னர் சலிசிலிக் அமிலம், சல்பைற், பென்சோவேற், போமல்டிஹைட். (பிணம் பழுதாகாமலிருக்க இடுவதை அந்நாளில் பாலில் ஊற்றினார்கள்!) 1906இல் வந்த உணவு, மருந்துச் சட்டத்தில் இந்தச் சாப்பாட்டறைக்கும் பங்குண்டு.

வைலி உண்டதை நிறுத்தார், உடலை நிறுத்தார், மலசலத்தையும் சோதித்தார். குடலில் வாழும் கோடானுகோடி உயிர்கள் அவர் கேள்விக்குள் வரவில்லை. அவர் கொடுத்த அதே சல்பைற், பாதுகாப்பானதென்று கருதப்படும் அளவிலேயே, தயிரை உறையவைக்கும் பற்றீரியா ஒன்று உட்பட நல்ல பற்றீரியாக்கள் சிலவற்றின் வளர்ச்சியை ஆய்வுகூடத்தில் தடுத்ததை 2017இல் கண்டார்கள்.

பாணின் கதை வேறு. தவிட்டரிசியும் குரக்கனும் உண்டால், அவற்றின் நாரைப் புளிக்கவைத்துக் குடற் பற்றீரியாக்கள் ஆக்கும் பொருட்களில் புரொப்பியோனிக் அமிலமும் ஒன்று. வயிறு தானே ஆக்குவதைப் பாணில் இட்டால் என்ன தீங்கு? 2019இல் ஹாவர்ட் ஆய்வாளர்கள் 14 சுகதேகிகளுக்கு உணவோடு 1 கிராம் கொடுத்தார்கள். குளுக்ககோன் முதலிய ஓமோன்கள் உயர்ந்தன. இன்சுலினின் பிடி தளர்ந்தது. சிறு அளவில் நெடுநாள் உண்ட எலிகள் கொழுத்தன. 14 பேரை வைத்துப் பாணைக் கூண்டில் ஏற்ற முடியாதுதான். ஆனால் வைலி தொடங்கியதும் 12 பேரோடு.

எமது ஒன்றுகூடல்களில் இன்று சீனியில்லாத தேநீருக்கே அதிகக் கைகள் உயர்கின்றன. பரம்பரை, இருந்த இடத்து வேலை, வெள்ளைச் சோறு என்று காரணங்கள் பல. சோற்றைக் குறைத்துப் பாண் சாப்பிடுங்கள் என்றுதான் எங்களில் பலருக்கு வைத்தியர்கள் சொன்னார்கள். என்ன பாண் என்று எவரும் கேட்கவில்லை.