இறப்புப் பதிவேட்டில் பிறந்த திட்டம்

அகமதாபாத்துக்கு வெயில் புதிதில்லை. மே மாதத்தில் 42 டிகிரி அடித்தால் அங்கே அது செய்தியே ஆகாது. வழிப்போக்கருக்குப் பானைத் தண்ணீர் வைக்கும் ‘பரப்’ குஜராத்தின் பழைய தர்மம். நம் ஊர் தண்ணீர்ப் பந்தலேதான். கோடையில் சாப்பாட்டோடு மோரும் உண்டு. இப்படி வெயிலோடு வாழத் தெரிந்த ஊரில், 2010 மே 21 அன்று வெப்பமானி 46.8 டிகிரியைத் தொட்டது. தெரிந்த வித்தையெல்லாம் அன்று போதவில்லை. எத்தனை பேருக்குப் போதவில்லை என்பது மட்டும் உடனே யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளமும் புயலும் தடயம் வைத்துவிட்டுப் போகும். வெயில் அப்படிச் செய்வதில்லை. தகரக் கூரையின் கீழ் மதியம் கண்ணயர்ந்த முதியவர் எழுந்திருக்கவில்லை என்றால் சான்றிதழில் மாரடைப்பு என்று விழும். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் செயலிழந்தால் அதுவே காரணமாகிவிடும். இதில் பொய் எதுவும் இல்லை. இதயம் நின்றது உண்மைதான். உடம்பைக் குளிரவைக்க, தோலுக்கு ரத்தத்தை இறைத்து இறைத்து அந்த இதயம் மணிக்கணக்காகத் திணறியது என்பதை எழுதத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. உச்சி வெயிலில் நடுத்தெருவில் சுருண்டு விழுந்த சிலர் மட்டுமே ‘வெப்ப வாதம்’ என்ற கணக்கில் வருவார்கள்.

மாநகராட்சி என்றால் குப்பை, சாக்கடை, வீட்டு வரி என்றுதான் நமக்கு ஞாபகம். அதனிடம் இருக்கும் இன்னொரு சொத்து, பிறப்பு இறப்புப் பதிவேடு. காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கையில் எடுத்தது இதைத்தான். அப்போது அந்த நிறுவனத்தின் இயக்குநர் திலீப் மாவலங்கர். எதனால் இறந்தார் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை மட்டும் எண்ணினார்கள். முன்னும் பின்னும் இருந்த ஆண்டுகளின் மே மாதக் கணக்குப்படி நகரில் 3118 பேர் இறந்திருக்க வேண்டும். 2010 மே மாதம் இறந்தவர்கள் 4462 பேர். மிகுதி 1344. அதாவது 43 சதவீதம் கூடுதல்.

கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்குதான் இது. ஆனால் போட்ட பிறகு, ‘வெயிலென்றால் அப்படித்தான்’ என்று எந்த ஆணையரும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்புக் குழுவும் எமரி பல்கலைக்கழகம் உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்களும் மாநகராட்சியோடு கைகோத்தன. 2013 ஏப்ரலில் அகமதாபாத் வெப்பச் செயல்திட்டம் வெளியானது. தெற்காசிய நகரம் ஒன்று தனக்கென்று இப்படியொரு திட்டம் வகுத்தது அதுவே முதல்முறை.

திட்டத்தைப் படித்துப் பார்த்தால் அதன் எளிமை வியப்பூட்டும். 41.1 டிகிரி முதல் மஞ்சள் எச்சரிக்கை, 43.1 முதல் ஆரஞ்சு, 45ஐத் தொட்டால் சிவப்பு. ஏழு நாள் முன்னறிவிப்பு கிடைக்க ஏற்பாடு. எச்சரிக்கை வந்தால் யார் யாரை அழைப்பது என்பதற்கு ஒரு பொறுப்பு அதிகாரி. பிறகு வருபவை எல்லாம் மாநகராட்சியின் கைக்கெட்டிய வேலைகள்: மதியத்தில் பூட்டிக்கிடக்கும் பூங்காக்களைத் திறந்து வைப்பது, தண்ணீர்ப் பந்தல்களைக் கூட்டுவது, 108 ஆம்புலன்ஸில் பனிக்கட்டிப் பொதிகள் வைப்பது, சேரிகளுக்குச் செல்லும் சுகாதாரப் பணியாளர்கள் கையில் ஓஆர்எஸ் பொட்டலங்கள் கொடுப்பது. பூங்காக் கதவின் சாவி டெல்லியில் இல்லை. பருவநிலை மாற்றம் பற்றி உலக மாநாடுகளில் பேசுகிறவர்கள் எவரிடமும் அது இல்லை. உள்ளூர் மன்றத்தின் பலம் இந்த மாதிரிச் சாவிகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி ஒரு மருத்துவமனை வார்டு பற்றியது. மாநகராட்சி நடத்தும் சாரதாபென் மருத்துவமனையில் மகப்பேறு வார்டு மேல்மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். பிறந்து சில நாளே ஆன சிசுவுக்குத் தன் உடல் சூட்டைச் சமாளிக்கும் திறன் இன்னும் கூடியிருக்காது. வெயில் 42 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வெப்பம் காரணமாகச் சேர்க்கப்படும் குழந்தைகள் 43 சதவீதம் கூடுவதை ஆய்வு காட்டியது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிய பிறகு ஒப்பிட்டபோது அந்தச் சேர்க்கை 64 சதவீதம் குறைந்திருந்தது. கட்டில்களை மாடியிலிருந்து இறக்கினார்கள், அவ்வளவுதான். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் சேரி வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளையடித்ததும் இதே வழியில் வந்த யோசனைதான். 2017இல் சுமார் 3000 கூரைகள் வெளுத்தன.

பலன் கிடைத்ததா? திட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளையும் 2014, 2015 ஆண்டுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 1190 இறப்புகள் தவிர்க்கப்பட்டன என்றது. மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆய்வு, உண்மையான எண் 162 முதல் 2218 வரை எதுவாகவும் இருக்கலாம் என்றும் சொல்கிறது. நடக்காமல் போன சாவை எண்ணுவது நடந்ததை எண்ணுவதைப் போல எளிதல்லவே. கீழ் எல்லையையே எடுத்துக்கொண்டாலும் 162 உயிர் சின்னக் கணக்கில்லை.

2015 கோடையில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் 2000க்கு மேற்பட்டோர் வெயிலுக்கு இறந்த பிறகு, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வெப்பச் செயல்திட்டங்கள் நாடெங்கும் பரவின. 2023இல் கொள்கை ஆய்வு மையம் 18 மாநிலங்களின் 37 திட்டங்களைப் பரிசீலித்தபோது, யாருக்கு ஆபத்து அதிகம் என்று உள்ளூரில் முறையாக ஆராய்ந்து காட்டியவை இரண்டே இரண்டு. மஞ்சளும் சிவப்பும் பிரதியெடுக்க எளிதானவை. அவற்றுக்குப் பின்னால் இருந்த எண்ணிக்கை வேலையை யாரும் அவ்வளவு எளிதில் பிரதியெடுக்கவில்லை.

அகமதாபாத்தின் 45 டிகிரிக் கோடு சென்னைக்கு உதவாது. கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் சூடு இறங்காது. வானிலைத் துறையே வெப்ப அலைக்குச் சமவெளியில் 40 டிகிரியையும் கடலோரத்தில் 37ஐயும் அடிப்படை அளவாக வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆனால் அதைப் பெற, அந்த மரணம் வெப்பத்தால் நேர்ந்தது என்று யாராவது எழுதித்தர வேண்டும். சென்னை மாநகராட்சியிடமும் இறப்புப் பதிவேடு இருக்கிறது. சென்னைக்கு எந்த டிகிரியில் கோடு போடுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.